சவுண்ட் டியூனிங் என்று பணம் கொடுக்கும் முன்

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காவேரிப்பட்டினம் பக்கம் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்கள் இதை அவசியம் படியுங்கள். "உங்கள் பிராசசரில் பாராமெட்ரிக் ஈக்வலைசர் வைத்து டியூன் செய்து தருகிறேன், அண்ணா. இனி மைக் கத்தவே கத்தாது" என்று சொல்லி, கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் என்னிடம் 8,500 ரூபாய் வாங்கினார். பிராசசர் என்பது ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒலியைத் திருத்தும் கருவி. அதில் ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ உதவுவது பாராமெட்ரிக் ஈக்வலைசர். கடையின் பெயர் வேண்டாம். வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன்.

கடையின் பின்னறையில் பெட்டிகளை வைத்து, அறை நடுவே ஸ்டூலில் தன் கைப்பேசியை நிறுத்தி, அதிலிருந்த செயலியால் அளந்தார். அந்த அறை 12 அடிச் சதுரம். அவ்வளவு இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி 47 ஹெர்ட்ஸ் அருகே நிலை அலையாக நிற்கும். சுவரோரம் ஓங்கி, நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். போதாததற்கு, பேச்சுக்காகச் செய்த கைப்பேசி மைக்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். திரையில் வரும் கோட்டில் அங்கே பள்ளம் தெரிந்ததும், பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்று 50 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் ஏற்றினார். அந்தப் பள்ளம் அறையினுடையது. கோயில் மைதானத்தில் சுவரும் இல்லை, பள்ளமும் இல்லை. ஏற்றிய 9 டெசிபல் மட்டும் அப்படியே இருக்கும். அந்த 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஆம்ப்ளிபயர் எட்டு மடங்கு சக்தி தர வேண்டும்.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் மைக் 2,500 ஹெர்ட்ஸ் அருகேதான் விசில் அடிக்கும். அதை அடக்க அங்கே 9 டெசிபல் குறைத்தார், சரி. ஆனால் கியூ 0.7. கியூ என்பது வெட்டின் அகலத்தைக் குறிக்கும் எண்; அது குறையக் குறைய அகலம் கூடும். கணக்குப் போட்டால், சுமார் 1,300 முதல் 4,850 ஹெர்ட்ஸ் வரை அந்த வெட்டு பரவும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் காதில் விழுவது பெரும்பாலும் இந்தப் பகுதியால்தான். கியூ 10 வைத்திருந்தால் வெட்டு 250 ஹெர்ட்ஸ் அகலத்தோடு நின்றிருக்கும். அலைவரிசை, அளவு, அகலம் மூன்றையும் தனித்தனியே மாற்றலாம் என்பதற்காகத்தான் ஜார்ஜ் மாசன்பர்க் 1972-இல் முன்வைத்த இந்த வகை ஈக்வலைசரை உலகமே ஏற்றுக்கொண்டது. அகலத்தைத் தொடவே தெரியாதவர் அதன் பெயரைச் சொல்லிக் காசு வாங்குகிறார்!

பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்று விளைவு தெரிந்தது. தபசு மரத்தின் மேலிருந்து அர்ச்சுனன் வேடக்காரர் பாடிய விருத்தத்தில் ஒரு சொல்கூடக் கடைசி வரிசைக்குப் புரியவில்லை. "என்னப்பா, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதே" என்றார் கூத்து வாத்தியார். விடிய விடிய ஆடுகிறவர்களின் உழைப்பு இப்படி வீணானதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பெட்டிகளில் பேஸ் ஸ்பீக்கரும் உயர்ந்த ஒலிக்கான ஹாரனும் ஒரே ஆம்ப்ளிபயரில் ஓடுகின்றன. 50 ஹெர்ட்ஸ் சுமையில் அது கிளிப் ஆகி, அதாவது தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கிளிப் ஆகும்போது புதிதாக உண்டாகும் மேல் அலைவரிசைகள் நேராக ஹாரன் டிரைவருக்குப் போகும். விடிவதற்குள் அந்த டிரைவரில் அதிரும் மெல்லிய தகடான டயாபிரம் ஒன்று கருகியது.

சரிசெய்யலாம் என்றால், பிராசசரைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார். கேட்டதற்கு, "அது எங்கள் தொழில் ரகசியம், அண்ணா. திறக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம்" என்றார். என் பொருளுக்கு அவர் பூட்டு! வேலை நடக்கும்போது திரையைப் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் மேலே சொன்ன எண்கள் என்னிடம் இருக்கின்றன. டயாபிரம் செலவையும் அவர் தர மறுத்துவிட்டார். கடைசியில் ஃபேக்டரி ரீசெட் செய்து, ஒலியை அளப்பதற்கென்றே உள்ள மைக் ஒன்று வாங்கி, ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்) என்ற இலவச மென்பொருளால் திறந்த வெளியில் அளந்தேன். 50 ஹெர்ட்ஸ் ஏற்றம் இப்போது இல்லை. 2,500 ஹெர்ட்ஸில் ஒல்லியான ஒரு வெட்டு மட்டும் இருக்கிறது.

யாரிடம் டியூனிங் கொடுத்தாலும், பெட்டி எங்கே பாடப் போகிறதோ அங்கேயே வந்து அளக்கச் சொல்லுங்கள். எந்த மைக்கில் அளக்கிறார், ஒவ்வொரு ஃபில்டருக்கும் கியூ எவ்வளவு என்று கேளுங்கள். எதையாவது 6 டெசிபலுக்கு மேல் ஏற்றினால் காரணம் கேட்காமல் விடாதீர்கள். அமைப்புக் கோப்பு உங்கள் பென் டிரைவிலும் கடவுச்சொல் உங்கள் கையிலும் வரும்வரை பாதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.