நோர்ட்லிங்கன்: விண்கல் குழிக்குள் ஒரு ஊர்

ஜெர்மனியின் பவேரியாவில் கோட்டை மதிலோடு ஒரு பழைய ஊர் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ரோதன்பர்க்கைத்தான் சொல்வார்கள். நான் நோர்ட்லிங்கனைச் சொல்வேன். கட்டட வேலையில் இருப்பவன், எந்த ஊருக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. இங்கே தட்டிப் பார்க்க விஷயம் இருக்கிறது.

சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று விழுந்து, ஏறக்குறைய 25 கி.மீ. அகலத்துக்கு நிலத்தைக் குடைந்துவிட்டது. அந்தக் குழிக்குள்தான் இந்த ஊர். வெகுகாலம் இதை எரிமலை வேலை என்றே பலரும் நம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் யூஜின் ஷூமேக்கர், எட்வர்ட் சாவோ என்ற இரு புவியியலாளர்கள் இங்கத்திய கல்லில் கோயசைட் இருப்பதைக் காட்டினார்கள். அது குவார்ட்ஸ் கனிமத்தின் மாறிய வடிவம். குவார்ட்ஸ் அப்படி மாற வேண்டுமென்றால் எரிமலையால் தர முடியாத அளவு அழுத்தம் வேண்டும்.

ரீஸ் என்பது இந்தக் குழியின் பெயர். அதனால் முதலில் ரீஸ் கிரேட்டர் மியூசியத்துக்குப் போங்கள். இதெல்லாம் அங்கே விளங்கிவிடும். 1970இல் அப்போலோ 14 நிலாப் பயணத்துக்கு முன் விண்வெளி வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கல்லை அடையாளம் காணப் பழகியது இந்தப் பகுதியில்தான். நாசா இரவல் கொடுத்த நிலாக்கல்லும் உண்டு. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். விண்கல் மோதியதில் உருவான சுவேவிட் என்ற கல்லால் கட்டியது. சாம்பல் நிறக் கல், நடுநடுவே கறுப்பாக உருகிய கண்ணாடித் துணுக்குகள். கண்ணுக்குத் தெரியாத பொடி வைரங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் கட்டுபவன் கண்ணுக்கு இது சுமாரான கல்தான். மழையும் பனியும் பட்டால் உதிரும், பழுதுபார்ப்பு ஓயவே ஓயாது.

அந்தத் தேவாலயத்தின் டானியல் கோபுரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 90 மீட்டர் உயரம், சுமார் 350 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். மேலே போனால் வட்டமான ஊர், சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கு வெளியே வயல், தூரத்தில் வளையமாக மேடு. அந்த மேடுதான் குழியின் விளிம்பு. மியூசியம் பார்க்காமல் ஏறியவர்களுக்கு அது வெறும் மலைதான்.

மதில் மேல் ஊரை முழுக்கச் சுற்றி வரலாம், 2.7 கி.மீ. கட்டணமில்லை. கூரை போட்ட நடைபாதை என்பதால் மழைக்கும் கவலையில்லை.

சாப்பாடு? சைவம் என்றால் கேஸ்ஷ்பெட்ஸ்லே, சீஸ் போட்ட முட்டைமாவு நூடுல்ஸ். ஒரு கடையில் பன்றிக்கொழுப்புத் துண்டைத் தூவிக் கொண்டுவந்தார்கள். ‘ஓனே ஷ்பெக்’ (பன்றிக்கொழுப்பு வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் ரொட்டி, சாலட்டோடு சமாளிக்க வேண்டியதுதான்.

மியூனிக்கிலிருந்து டோனாவொர்த்தில் ரயில் மாறி ஒரே நாளில் போய்வரலாம்தான். ஆனால் இரவு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, அரை மணிக்கு ஒரு முறை, காவலர் டானியல் கோபுரத்திலிருந்து ‘ஸோ, க்ஸெல், ஸோ’ என்று கூவுவார். அதைக் கேட்க ஓர் இரவு தங்க வேண்டும். ஞாயிறு இரவு தங்கி, மியூசியத்தைத் திங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அன்று விடுமுறை.