டைமிங் செயின் மாற்றினால் மட்டும் போதாது: கோவையில் அப்பாவின் காருக்கு நடந்தது

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் அப்பா அம்மாவுக்காகக் கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோவையில் எங்கள் வீட்டில் நிற்பது ஹோண்டா சிஆர்-வி, 2.4 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டிவிட்டது. இப்போது அது போவதெல்லாம் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஆயில் மாற்றுவதும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்டையும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கேம் ஷாஃப்டையும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இணைத்து ஓடும் டைமிங் செயினுக்கு இது ரொம்பக் கெடுதல். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறார்கள், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேர்கிறது, அந்த ஆயிலை நம்பித்தான் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஓட வேண்டியிருக்கிறது.

நான் போய் இறங்கிய நேரம், காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நொடிக்குக் கடகடவென்று சத்தம், கூடவே செக் இன்ஜின் விளக்கு. ஸ்கேன் செய்தால் பி0341 என்ற கோளாறுக் குறியீடு. கிராங்க் ஷாஃப்ட் நிற்கும் நிலையும் கேம் ஷாஃப்ட் நிற்கும் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. செயின் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் துளித்துளியாகத் தேய்ந்து, எல்லாத் தேய்மானமும் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடுகிறது, அதனால் கேம் பின்தங்குகிறது. இந்த இன்ஜினில் இன்டேக் கேமை ஆயில் அழுத்தத்தால் முன்பின் நகர்த்தும் விடிசி ஆக்சுவேட்டர் வேறு உண்டு, அது கெட்டாலும் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் இதே சத்தம்தான் வரும். ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘செயின் போச்சு’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். கையால் செய்யும் வேலையில் நம் ஊர் மெக்கானிக்குகளை அடித்துக்கொள்ள ஆளில்லை, இதை மனதாரச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் பழைய செயினையும் புதுச் செயினையும் சுவரில் அடித்திருந்த ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையதன் அடிமுனை புதியதைவிடச் சில மில்லிமீட்டர் கீழே இறங்கி நின்றது. “பாருங்க தம்பி, இவ்வளவுதான், இதுக்குத்தான் இத்தனை பாடு” என்றார். நிறம் பூசிய கண்ணிகளை ஸ்பிராக்கெட்டில் (செயின் மாட்டும் பல் சக்கரம்) உள்ள குறிகளோடு பொருத்திவிட்டு, ஸ்டார்ட்டரைத் தொடாமல் கிராங்கைக் கையாலேயே பல சுற்று சுற்றி, குறியெல்லாம் சரியாக வந்து நிற்கிறதா என்று திரும்பவும் பார்த்தார். மெல்போர்னில் இதே வேலைக்குக் கேட்கும் லேபர் சார்ஜை நினைத்துப் பார்த்தால், இங்கே கொடுத்தது ஒன்றுமே இல்லை.

கோளாறு அதற்கு அப்புறம்தான். பேட்டரி டெர்மினலைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டிவிட்டு, ‘ரீசெட் ஆயிடுச்சு’ என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஆடியோ செட் கோட் கேட்டு நின்றது, அது போகட்டும். ஏசி போட்டால் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கி ஆடியது, சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் அதிர்ந்தது. மறுநாள் செக் இன்ஜின் விளக்கு திரும்ப வந்துவிட்டது, இந்த முறை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பி0300. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், ஓட ஓடச் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நாலு இக்னிஷன் காயிலையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அப்பா சரி சொல்லிவிட்டார். நான் தடுத்தேன். இத்தனை வருஷம் ஓடிய நாலு காயில், செயின் மாற்றிய மறுநாளே சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகக் கெட்டுப்போகுமா?

பேட்டரியைக் கழற்றினால் ஐடில் கணக்கு அழிந்துபோகும், ஆனால் அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்க ஒரு முறை இருக்கிறது, அதை யாரும் செய்யவில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிராங்கோடு சுற்றும் பல் தட்டில் பல்லுக்குப் பல் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும். மிஸ்ஃபயர் ஆகிறதா என்பதை அதை வைத்துத்தான் எண்ணுகிறது. இதற்கு கிராங்க் பேட்டர்ன் என்று பெயர். அந்தப் பக்கத்தைப் பிரித்து வேலை செய்த பிறகு பழைய பேட்டர்னை அழித்துப் புதிதாகக் கற்கவிட வேண்டும். அழிக்க ஸ்கேனரில் தனிக் கட்டளை உண்டு. கோளாறுக் குறியீட்டை மட்டும் அழிக்கும் மலிவு ஸ்கேனரில் இது வராது.

விசாரித்ததில் சிவானந்தா காலனி பக்கம் ஹோண்டாவுக்கான எச்டிஎஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் ஓர் இளைஞரைச் சொன்னார்கள். சின்னக் கடைதான், வாசலில் ஒரு காரை நிறுத்தினால் இடம் முடிந்தது. அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, “செயின் நல்லாத்தாங்க போட்டிருக்காங்க, கேம் டைமிங் கரெக்டா இருக்குது. கத்துக்கொடுக்காமத்தான் விட்டுட்டாங்க” என்றார். எனக்குப் பெரிய நிம்மதி.

பேட்டர்னை அழித்தார். பிறகு ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நியூட்ரலில் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும்வரை பிடித்தார். அப்புறம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சுமார் 5 நிமிடம் ஐடிலில் விட்டார். ஃபேன் ஓடும் நேரத்தை அந்த 5 நிமிடத்தில் சேர்க்கக் கூடாது என்று கையில் மொபைலோடு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்து நீலாம்பூர் தாண்டி, கூட்டமில்லாத சமமான ரோட்டுக்குப் போனோம். கியரை 2ல் வைத்து, 2,500க்கு ஏற்றி, காலை முழுசாக எடுத்துவிட்டு, வண்டி தானாக 1,000க்கு இறங்கும்வரை விட வேண்டும். பிரேக்கைத் தொடாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். பின்சீட்டில் இருந்த அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. கற்றல் முடிந்தது என்று திரையில் வந்ததும் வீட்டுக்குக் கிளம்பினோம், வழியெல்லாம் ஏசி போட்டும் ஐடில் ஆடவில்லை, மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் ஏறவில்லை. காயில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

இந்த முறையெல்லாம் ஹோண்டாவுக்குச் சொன்னது. வேறு கம்பெனி வண்டியில் படிகள் வேறு மாதிரி இருக்கும், அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் எந்த வண்டியானாலும், செயின் வேலைக்கு விடும் முன்பே, ‘முடிந்ததும் கற்ற மதிப்புகளை அழித்துத் திரும்பக் கற்கவைக்கும் ஸ்கேனர் உங்களிடம் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று நேராகவே கேளுங்கள். இல்லை என்று சொல்பவர் மோசமான மெக்கானிக் என்று அர்த்தமில்லை. சிங்காநல்லூர் பெரியவரிடம் நான் மறுபடியும் செயின் வேலைக்குக் கொடுப்பேன், கையோடு வண்டியை அந்த இளைஞரிடம் கொண்டுபோவேன். அந்த வேலையையும் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். செக் இன்ஜின் விளக்கு மறுபடி எரிந்தால், போனில் அப்பாவிடம் யாரும் காயில் விற்க முடியாது.