கோடாலியா, ஆப்பும் சம்மட்டியுமா? உடற்பயிற்சிக்கு விறகு உடைப்பவருக்கு எது ஏற்றது

கோடாலியை ஓரமாகச் சாத்திவிட்டு ஆப்புக்கும் சம்மட்டிக்கும் மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் வெந்நீர் விறகடுப்பில்தான். சீமைக் கருவேலம், புளி, எப்போதாவது வேம்பு. விறகுக் கடையில் உடைத்தே தருவார்கள். உடம்புக்கு வேலை வேண்டும் என்றே முழுக் கட்டையாக வாங்குகிறேன்.

இதெல்லாம் பயிற்சியா என்று கேட்பவர்கள் அரை மணி நேரம் உடைத்துப் பார்க்கட்டும். தோள், முதுகு, வயிறு, தொடை எல்லாமே வேலை செய்யும். பொலிவியாவின் சிமானே பழங்குடி ஆண்கள் ஒரு மணி நேரம் மரம் வெட்டியதும் அவர்கள் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுமார் 47 சதவீதம் ஏறியிருந்தது என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. கால்பந்து ஆடியபோது ஏறியது சுமார் 30 சதவீதம்தான்.

கோடாலியின் பெருமை அதன் வேகம். நேரான நார் உள்ள கட்டைக்கு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ஒரே கருவி, தூக்கிக்கொண்டு போகலாம், விலையும் குறைவு. ஆனால் நான் பார்ப்பது வேறொன்று: அடி தப்பினால் அது எங்கே போகும்?

பயிற்சிக்காக உடைப்பவன் களைப்பு வரும்வரை உடைப்பான். அதற்காகத்தானே இறங்குகிறான்? கடைசிப் பத்து அடிகளில் குறி தப்பத்தான் செய்யும். கருவேலங்கட்டையில் கணுவுக்குப் பஞ்சமில்லை. கணுவில் பட்ட கோடாலி உள்ளே இறங்காமல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். எனக்கு அப்படி ஓடியது முழங்காலுக்குக் கீழே, வேட்டி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. காம்பு குட்டையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். நீளக் காம்புக் கோடாலி தப்பினால் பெரும்பாலும் காலுக்கு முன்னால் தரையில் இறங்கும். குட்டைக் காம்பின் வீச்சு நம் காலை நோக்கியே வளைந்து வரும். கோடாலிதான் வேண்டும் என்பவர்கள் கட்டையை அடிமணையின், அதாவது அடியில் போடும் தடித்த கட்டையின், நமக்கு எதிர் ஓரத்தில் நிறுத்துங்கள். வெட்டு இறங்கும்போது முழங்காலை மடக்கி உடம்பையும் கூடவே இறக்குங்கள். தப்பிய அடியை மணை வாங்கிக்கொள்ளும்.

ஆப்பில் இந்தக் கவலை பாதிக்கு மேல் குறைகிறது. பருத்த கட்டை தரையில் தானாக நிற்கும். வெயிலில் காய்ந்து நுனியில் விரிந்திருக்கும் வெடிப்பைத் தேடி, அதில் ஆப்பை வைத்து, சின்னச் சுத்தியால் தட்டி ஊன்றவேண்டும். அது கையை விட்டாலும் நிற்கும் என்றான பிறகுதான் சம்மட்டியை எடுக்கவேண்டும். தப்பினால் மொண்ணையான இரும்பு மரத்தில் மோதித் துள்ளும். காலில் பட்டால் எலும்பைக்கூட உடைக்கும்தான், ஆனால் சதையைப் பிளக்கும் கூர்முனை அதில் இல்லை. இன்னொரு லாபம்: பத்து அடிக்கு ஒருமுறை கை மாற்றி அடிக்கலாம். கோடாலியைப் பழகாத கையால் வீசுவதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் முன்பெல்லாம் வலது தோள் மட்டுமே உழைத்தது.

பராமரிப்பு இரண்டுக்கும் உண்டு. கோடாலிக்கு அடிக்கடி சாணை பிடிக்கவேண்டும். ஆப்பின் தலையோ அடிபட்டு அடிபட்டுக் காளான் குடைபோல் விரியும். அந்த விளிம்பு சில்லாகத் தெறித்தால் கண் போய்விடும். விரிசல் கண்டதுமே பட்டறையில் கொடுத்துத் தேய்த்துவிடுகிறேன், கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட அடிப்பதில்லை. சம்மட்டியின் கழுத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறேன். குறி நீண்டு காம்பே ஆப்பில் மோதினாலும் முறியாது. தலை ஆடினால் காம்பைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஊறினால் இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். காம்பின் தலைப்பக்க நுனியில் சின்னதாகப் புது ஆப்படித்து இறுக்குவதே சரி. காம்புக்கு நாட்டுக் கருவேலம் எனக்கு நன்றாக உழைக்கிறது. கோடாலியின் பின்புறத்தைச் சம்மட்டியாக்கி ஆப்பை அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அதன் கண், அதாவது காம்பு நுழையும் துளை, விரிந்து காம்பு கழன்றுவிடும்.

மால் என்று ஒன்று விற்கிறார்கள்: ஒரு பக்கம் பருத்த கோடாலி, மறுபக்கம் சம்மட்டி, எடை மூன்றரைக் கிலோ போல. மைத்துனர் வீட்டில் இரண்டு வாரம் பயன்படுத்தினேன். வேம்பு அருமையாகப் பிளந்தது. அதன் ஃபைபர் காம்பு எத்தனை வருஷம் தாங்கும் என்று இரண்டு வார அனுபவத்தை வைத்துச் சொல்வது நியாயமில்லை. கணுப்புளியில் மட்டும் அது சிக்கி, பிடுங்குவதற்கே மூச்சு வாங்கியது. ஆப்பு சிக்கினால் பக்கத்தில் இரண்டாவது ஆப்பை இறக்கி முதலாவதை விடுவிக்கலாம். ஆகவே இரண்டு ஆப்பாக வாங்குங்கள்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இவற்றில் எதையும் தொடவேண்டாம். மற்றவர்களும் மூச்சை அடக்கி அடிக்காதீர்கள். இறங்கும்போது மூச்சை விடுங்கள். முதல் வாரம் பதினைந்து நிமிஷம் போதும்.

கோடாலி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. மெல்லிய சவுக்குக் கட்டைக்கு ஆப்பு தேவையே இல்லை. அது வருகிற அன்று, களைப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே, முதல் வேலையாக அதை உடைத்து முடித்துவிடுகிறேன்.