நிழல் பாத்திக்கு வாங்கிய ஆறு ஹெல்லெபோர் செடிகள்: மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு

ஒரு நாற்றுப்பண்ணையிடமிருந்து அஞ்சல் வழியாக வரவழைத்த, குளிர்காலத்தில் பூக்கும் ஆறு ஹெல்லெபோர் செடிகளைப் பற்றிய மதிப்பீடு இது. இச்செடி தன்னை வெளிக்காட்டவே இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்பதால், மூன்று குளிர்காலங்கள் கடந்த பின்னரே எழுத உட்கார்ந்தேன். செடிக்கு முழு மதிப்பெண்ணும் விற்றவருக்குப் பாதிக்கும் குறைவான மதிப்பெண்ணும் தர வேண்டியிருக்கிறது.

தொகுப்பில் கிறிஸ்துமஸ் ரோஜா எனப்படும் ஹெல்லெபோரஸ் நைகர் இரண்டும், தவக்கால ரோஜா எனப்படும் கலப்பினச் செடிகள் நான்கும் இருந்தன. பெயரில் ரோஜா இருந்தாலும் ரோஜாக் குடும்பத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை; இவை ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைகர் என்றால் கறுப்பு. வெள்ளைப் பூப் பூக்கும் செடிக்கு அப்பெயர் வந்தது அதன் வேரின் நிறத்தால். செடிகள் வந்தபோது வேர்கள் தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுருண்டு இறுகியிருந்தன. ஒரு கலப்பினச் செடியின் அடித்தண்டு ஈரத்தில் அழுகத் தொடங்கியிருந்தது. புகைப்படம் அனுப்பியதும் அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றுச் செடி அனுப்பினார்கள்.

நான் இவற்றை வாங்கியதற்குக் காரணம், இரண்டு பெரிய இலையுதிர் மரங்களுக்கு அடியில் எதை நட்டாலும் சோர்ந்துபோகும் ஒரு பாத்தி. மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில் கிடைக்கும் வெயிலில் பூத்துவிட்டு, கோடையில் அவற்றின் நிழலில் ஒதுங்கி இருப்பது ஹெல்லெபோரின் இயல்பு என்பதால், அந்த இடம் அதற்கென்றே அமைந்ததுபோல் ஆயிற்று. எந்த நிழலும் போதும் என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டு முழுவதும் வெளிச்சம் நுழையாத சுவரோரத்தில் சோதனையாக வைத்த ஒரு செடி பசுமையாக இலை விரித்திருக்கிறதே தவிர, மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு பூவைத்தான் தந்தது. மர வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் குழியில் இலைமட்கைத் தாராளமாகக் கலந்தேன். தண்ணீர் தேங்கும் மண்ணை இது பொறுக்காது என்பதால் பாத்தியையும் சற்று உயர்த்தினேன். குளிர்காலமே இல்லாத வெப்பமான இடங்களில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இதை வாங்க வேண்டாம். குளிர் இல்லாமல் இது ஒழுங்காகப் பூக்காது.

முதல் குறை, பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாளைப் பற்றியது. எல்லாச் செடிகளையும் "நன்றாக ஆழமாக" நடச் சொல்லியிருந்தது. அப்படியே செய்ததில், குருத்து மண்ணுக்குள் புதைந்த நைகர் ஒன்று முதல் குளிர்காலத்திலேயே அழுகிப் போனது. தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுவதே சரி.

இரண்டாவது குறை நிறம். கரும் ஊதா, அடுக்குப் பூ என்று அட்டை கட்டி வந்த செடி, இரண்டாம் ஆண்டில் மங்கிய இளஞ்சிவப்பில் ஐந்தே இதழ்களோடு மலர்ந்தது. கலப்பின ஹெல்லெபோர்கள் விதையிலிருந்து தாய்ச்செடியைப் போலவே வருவதில்லை; வேர்க்கட்டைப் பிரித்து நட்டாலோ, திசு வளர்ப்பு முறையில் பெருக்கினாலோதான் அச்சு அசலாக அதே பூ கிடைக்கும். விதையிலிருந்து வளர்த்தவை என்ற ஒரு வரியை அட்டையில் சேர்த்திருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. கேட்டபோது, இயற்கையில் வேறுபாடு சகஜம் என்று பதில் வந்தது. உண்மைதான், ஆனால் அதை விற்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

இனி பூவைப் பற்றி. நாம் இதழ் என்று எண்ணிப் பார்ப்பவை உண்மையில் புல்லிதழ்கள், அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி இதழ்கள். அசல் அல்லி இதழ்கள் சிறு குழல்களாகச் சுருங்கி, மகரந்தத் தாள்களைச் சுற்றித் தேன் சுரக்கும் வளையமாக நிற்கின்றன. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் அந்தக் குழல்களும் தாள்களும் உதிர்ந்துவிட, புல்லிதழ்கள் மட்டும் மெல்லப் பச்சையேறி வாரக்கணக்கில் நிற்பதால்தான், ஒரே செடி இரண்டு மாதம் பூத்திருப்பதுபோல் தோன்றுகிறது. கடும் உறைபனி விழுந்த ஒரு காலையில் எல்லாத் தண்டுகளும் வெந்த கீரைபோல் தரையில் படுத்துக் கிடந்ததைக் கண்டு, செடிகள் செத்தேவிட்டன என்று நினைத்தேன். வெயில் ஏறிப் பனி உருகியதும் அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றன. பூக்கள் தலைகவிழ்ந்திருப்பதால் மழையும் பனியும் மகரந்தத்தை நனைப்பதில்லை, ஆனால் பார்ப்பவர் மண்டியிட வேண்டியிருக்கிறது. சரிவான இடம் இருப்பவர்கள் மேல்பகுதியில் நடலாம். நான் பூக்களை மட்டும் கிள்ளி, அகன்ற கிண்ணத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கிறேன்.

பராமரிப்பு அதிகமில்லை. மொட்டு எழும் முன் கலப்பினச் செடிகளின் பழைய இலைகளை அடியோடு வெட்டிவிட்டால், கரும்புள்ளி நோய் புதிய இலைகளுக்குப் பரவுவது குறையும், பூவும் மறையாமல் தெரியும். செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சாறு பட்டால் தோல் எரியும் என்பதால் கையுறை அணிந்தே வெட்ட வேண்டும். தவழும் குழந்தையோ, எதையும் மென்று பார்க்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மான்களும் முயல்களும் இதைத் தொடாமல் விலகிப்போவதும் இந்த நஞ்சினால்தான்.

மூன்றாம் குளிர்காலத்தில், ஏமாற்றிய அந்த இளஞ்சிவப்புச் செடியே பதினான்கு தண்டுகளோடு பாத்தியில் முதலிடம் பிடித்தது. அதைப் பிடுங்கும் எண்ணம் இப்போது இல்லை. இறந்துபோன நைகருக்குப் பதிலாகவும், கிடைக்காமல் போன அந்தக் கரும் ஊதாவுக்காகவும் இன்னும் இரண்டு செடிகள் வாங்கவிருக்கிறேன். இம்முறை அட்டையை நம்பாமல், பூத்திருக்கும் காலத்தில் நேரில் சென்று, பூவைக் கையால் நிமிர்த்திப் பார்த்துத்தான்.