சட்பரியா, தண்டர் பேயா: வேட்டையும் மீன்பிடியும் நாடி வடக்கே குடிபெயரும் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 16 ஆண்டுகள் வாழ்ந்த பின்னர், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வட ஒன்ராறியோவுக்குக் குடிபெயர்ந்தேன். தூண்டிலும் துப்பாக்கியும் ஆண்டுக்கு ஒரு முறை வாடகைக் குடிலுக்கு எடுத்துச் செல்லும் பொருள்களாக இல்லாமல் வார நாள் வாழ்க்கையின் பகுதியாக வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இறுதி வரை போட்டியில் நின்றவை சட்பரியும் தண்டர் பேயும். நாங்கள் சட்பரியைத் தெரிவு செய்தோம். ஆகவே நான் நடுநிலையாளன் அல்லேன். தண்டர் பே பற்றிய என் அனுபவம் மூன்று பயணங்களோடும், அங்கு ஏழு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு நண்பரின் பேச்சோடும் முடிகிறது. சட்பரி பற்றி நான் சொல்வதை வாழ்ந்து பார்த்தவன் சொல்லாகவும், தண்டர் பே பற்றிச் சொல்வதை விருந்தாளி சொல்லாகவும் கொள்ள வேண்டும்.

பொதுவானவற்றை விரைந்து கடந்துவிடலாம். இரண்டும் 1 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள். 2021 கணக்கெடுப்பின்படி சட்பரியில் சுமார் 1,66,000 பேரும் தண்டர் பேயில் சுமார் 1,09,000 பேரும் வாழ்ந்தனர். இரண்டிலும் பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் உண்டு. குளிரில் பெரிய வேறுபாடு இல்லை. மறை 30 பாகைக் குளிரை (−30 செல்சியஸ்) இரண்டு ஊர்களும் பெரும்பாலான ஆண்டுகளில் பார்க்கின்றன. கரடி இரண்டு ஊர்களிலும் குப்பைத் தொட்டியைத் தேடி வரும். ஒரே மாகாணம் என்பதால் சட்டமும் ஒன்றே: 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையில்லை, 12 வயது நிரம்பிய பிள்ளை வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துப் பயிலுநராகப் பெரியவரோடு ஒரே துப்பாக்கியைப் பகிர்ந்து வேட்டைக்குச் செல்லலாம். பிரெஞ்சு ஆற்றுக்கும் மத்தாவா ஆற்றுக்கும் வடக்கே ஞாயிற்றுக்கிழமையும் துப்பாக்கி வேட்டைக்குத் தடையில்லை என்பது வார இறுதியை மட்டும் நம்பியிருக்கும் என்னைப் போன்றவருக்குப் பெரிய கொடை. அதுவும் இரண்டு ஊர்களுக்கும் பொருந்தும்.

வேட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் தண்டர் பே மேலானது என்பதை மறைக்க மாட்டேன். நகரத்தை விட்டு அரை மணி நேரம் சென்றாலே மரம் வெட்டுவதற்காகப் போடப்பட்ட பழைய மண் சாலைகள் தொடங்கிவிடுகின்றன. இங்குள்ளோர் பார்ட்ரிட்ஜ் என்றழைக்கும் கிரௌஸ் பறவை, நம் ஊர்க் கௌதாரியைச் சற்றுப் பெருக்கியது போன்றது, செப்டம்பர் நடுவில் பருவம் திறந்ததும் அந்தச் சாலையோரங்களில் காலை வெயிலுக்கு வந்து நிற்கும். ஒக்டோபர் முதல் வாரத்தில், இலைகள் உதிர்ந்த பிறகு, நண்பரோடு நான் நடந்த மூன்று நாள்களில் பார்த்த அளவு கிரௌஸ்களைச் சட்பரியில் ஒரு பருவம் முழுவதும் பார்த்ததில்லை. வெள்ளைவால் மானும் தண்டர் பேயைச் சுற்றி அதிகம். சட்பரிக்காரர் மானுக்காகத் தெற்கே பிரெஞ்சு ஆற்றுப் பக்கமோ மனிட்டூலின் தீவுக்கோ போக வேண்டியிருக்கும்.

மூஸ் என்னும் பெரிய மானை மனத்தில் வைத்து ஊரைத் தெரிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2021 முதல் மாகாணம் மூஸ் வேட்டைச் சீட்டுகளைப் புள்ளி முறையில் ஒதுக்குகிறது. சீட்டுக் கிடைக்காத ஆண்டுகளில் விண்ணப்பித்தவரின் கணக்கில் புள்ளி சேரும். சேர்ந்த புள்ளி கூடியவருக்கே முதலில் சீட்டு. அண்மையில் வேட்டைக்கு வந்த ஒருவர் எந்த ஊரில் வீடு வாங்கினாலும் நல்ல பகுதியில் காளை மூஸுக்கான சீட்டைப் பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், குடிபெயர்வுத் தீர்மானத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். உங்கள் சட்டியில் விழப்போவது கிரௌஸும் முயலும் மீனும்தான்.

மீன்பிடியில் தண்டர் பேயின் பெருமை சுப்பீரியர் ஏரி. வசந்தத்தில் அதன் கிளையாறுகளில் ஏறும் ஸ்டீல்ஹெட், ஆழத்தில் வாழும் ஏரி ட்ரவுட் ஆகியவற்றோடு, கிழக்கே சுமார் 110 கிலோமீற்றர் தொலைவில் நிப்பிகன் ஆறும் உண்டு. உலகில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய புரூக் ட்ரவுட், 6.6 கிலோகிராம் எடையுள்ளது, 1915 இல் அந்த ஆற்றில்தான் பிடிபட்டது; அந்தச் சாதனை ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. இன்னொரு சிறு நன்மையும் உண்டு. நேர வலயத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் தண்டர் பேயில் ஜூன் மாதச் சூரியன் இரவு 10 மணி அளவில்தான் மறைகிறது. வேலை முடிந்து வந்தவருக்கு நீரருகே இருக்க அது நீண்ட மாலை.

ஆனால் சுப்பீரியர் குடும்பத்துக்கான நீர் அன்று. கோடையிலும் கை விறைக்கும் குளிர். காற்று எழுந்தால் சிறு படகுக்கு அங்கே இடமில்லை. அதை ஆள நல்ல படகும் அனுபவமும் வேண்டும். சட்பரியிலோ நகராட்சி எல்லைக்குள்ளேயே 330 ஏரிகள் உள்ளன. நகரின் நடுவில் மருத்துவமனையை ஒட்டிக் கிடக்கும் ராம்சி ஏரியிலிருந்து ஊரின் வடகிழக்கே விரிந்து கிடக்கும் வனப்பிட்டே ஏரி வரை, பாஸ், பைக், பிக்கரல் ஆகிய மீன்களை அவற்றுக்குரிய பருவம் திறந்திருக்கும் எந்த நாளும் தேடலாம். எங்கள் வீட்டிலிருந்து 7 நிமிட ஓட்டத்தில் ஒரு படகுத்துறை உள்ளது. கடந்த ஆண்டு என் ஒன்பது வயது மகன் 40 நாள்களுக்கு மேல் தூண்டில் போட்டான். அவற்றில் பெரும்பாலானவை பள்ளி நாள்களின் மாலைகள். பிக்கரல் வெண்மையான, முள் குறைந்த மீன். சொதிக்கும் பொரியலுக்கும் அதைவிடப் பொருத்தமான நன்னீர் மீனை நான் இந்த நாட்டில் உண்டதில்லை.

சட்பரி என்றதும் பலர் நிக்கல் உருக்காலைகளை நினைத்து, அந்த நீரில் பிடித்ததை உண்ணலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கந்தகப் புகையால் இந்த வட்டாரத்தில் சுமார் 7,000 ஏரிகள் அமிலமாகின, குன்றுகள் கரும்பாறையாயின. புகை வெளியேற்றம் பெரிதும் குறைக்கப்பட்டதாலும், 1978 இல் தொடங்கிய மீள்பசுமைத் திட்டத்தில் 1 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டதாலும் நிலமும் நீரும் மீண்டு வந்திருக்கின்றன. இருந்தாலும் ஏரிக்கு ஏரி நிலை வேறுபடும். மாகாண அரசு தான் சோதித்த ஒவ்வோர் ஏரிக்கும், ஒவ்வொரு மீன் இனத்துக்கும், மீனின் நீளத்துக்கும் ஏற்ப மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் தாய்மை வயதில் உள்ள பெண்களுக்கும் தனி அளவு உண்டு. பாதரசம் பெரிய பைக்கிலும் பிக்கரலிலும் கூடுதலாகச் சேரும். எனவே பெரியதை விட்டுவிட்டு நடுத்தர மீனை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். தண்டர் பேக்குச் சென்றிருந்தாலும் அதே வழிகாட்டியைத்தான் பார்த்திருப்போம்.

இனித் தீர்மானத்தை முடித்துவைத்த காரணத்துக்கு வருகிறேன். அது விடுமுறை நாள்களின் கணக்கு. ஒன்ராறியோவில் ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணிபுரிபவருக்குச் சட்டம் உறுதி செய்வது ஆண்டுக்கு இரண்டு வார விடுமுறை. புது ஊருக்குப் போகிறவர் பெரும்பாலும் புது வேலையில் சேர்வதால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மீண்டும் அந்த 10 நாள்களில்தான் தொடங்குவார். வேட்டைக்குப் போகும் நாளும், ஸ்காபரோவில் உள்ள தாயைப் பார்க்கப் போகும் நாளும், திருமணமும், சாவீடும் அந்த ஒரே பையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். வீடு தேடும்போது ஏரிகளையும் காடுகளையும் எண்ணிய நான் இந்தப் பையை எண்ணவில்லை. மனைவிதான் ஒரு மாலை தாளையும் பேனாவையும் எடுத்து வைத்து எண்ணினார்.

என் அம்மாவுக்கு வயது 76. கோயிலையும் அயலவரையும் விட்டு அவர் வடக்கே வர மாட்டார். சட்பரியிலிருந்து ஸ்காபரோ சுமார் 400 கிலோமீற்றர், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். 69 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சில பகுதிகள் இன்னும் அகலப்படுத்தப்படாமல் இருந்தாலும், வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். கடந்த ஆண்டு 11 முறை போனோம். அதற்காக நான் எடுத்த விடுமுறை ஒரு நாள். தண்டர் பேயிலிருந்து அதே வீட்டுக்குச் சுமார் 1,400 கிலோமீற்றர். நிற்காமல் ஓட்டினாலே 15 மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகளோடு இரண்டு நாள் போக, இரண்டு நாள் வர. அம்மாவோடு இரண்டு நாள் இருக்க வேண்டுமானால், ஒரு வார இறுதியைப் பொருத்தி வைத்தாலும் நான்கு விடுமுறை நாள்களாவது போய்விடும். இரண்டு பயணத்திலேயே பை ஏறக்குறையக் காலி; கிரௌஸ் பருவத்துக்கு வார இறுதிகள் மட்டுமே மிஞ்சும்.

விமானம் உண்டே என்று நண்பர் சொல்வார். உண்மைதான், பறக்கும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. தனியாளுக்கு அது நல்ல தீர்வு. நால்வருக்கு நான்கு பயணச்சீட்டு என்று வரும்போது ஆண்டுக்கு 11 முறை என்பது இரண்டு முறையாகச் சுருங்கிவிடுகிறது. நண்பரின் குடும்பமும் அப்படித்தான் போய் வருகிறது. சாலையோ ஒற்றை நூல். 2016 ஜனவரியில், திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆன நிப்பிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் குளிரில் மேலெழும்பியபோது, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ஒரே நெடுஞ்சாலை அறுந்தது. மாற்று வழி அமெரிக்காவைச் சுற்றிச் செல்வதுதான். பாலம் பின்னர் சீர்செய்யப்பட்டு 2018 இல் முழுமையடைந்தது. ஆனாலும் பனிப்புயலில் சுப்பீரியர் கரைச் சாலை மூடப்படும் செய்தி ஒவ்வொரு மாரியிலும் வருகிறது, நெஞ்சு நோவென்று அம்மாவிடமிருந்து அழைப்பு வரும் இரவும் மாரியில் வரலாம்.

இந்தக் கணக்கு முடிந்த பின், காட்டில் தண்டர் பேக்குள்ள மேன்மையை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே ஒரு நாளில் ஐந்து கிரௌஸ் என்ற நாள் வரம்பை எட்ட முடியும். இங்கே ஒன்றோ இரண்டோ, பல நாள்களில் எதுவுமில்லை. ஆயினும் இங்கே கடந்த பருவத்தில் நான் காட்டில் இருந்த நாள்கள் 19. அவற்றுள் பதினொன்றில், இப்போது 13 வயதாகும் என் மகள் பயிலுநராக உடன் நடந்தாள். தண்டர் பேயில் அத்தனை நாள் எனக்குக் கிடைத்திருக்காது.

பிள்ளைகளின் உயர்கல்வியில் சட்பரியின் பக்கம் ஒரு குறை உண்டு: லோரன்சியன் பல்கலைக்கழகம் 2021 இல் கடன் கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடி, பல பாடநெறிகளை மூடியது. தண்டர் பேயின் லேக்ஹெட்டுக்கு அந்தத் துன்பம் நேரவில்லை. வேலையைப் பொறுத்தவரை சட்பரியில் சுரங்கமும் அதைச் சார்ந்த பட்டறைகளும் எனக்குக் கைகொடுத்தன. மனைவி தாதியாதலால் இரண்டு ஊர்களிலும் அவருக்கு வேலை இருந்தது.

எங்கு போனாலும் ஒன்றை முதலில் அறிந்துகொள்ளுங்கள். சட்பரி நிலம் 1850 ஆம் ஆண்டின் ரொபின்சன்-ஹியூரன் உடன்படிக்கைக்கும், தண்டர் பே நிலம் அதே ஆண்டின் ரொபின்சன்-சுப்பீரியர் உடன்படிக்கைக்கும் உட்பட்டது. அந்த உடன்படிக்கைகள் இந்நிலத்தின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமையை உறுதி செய்தன. அவர்களின் ஒதுக்கு நிலத்தில் அனுமதி கேளாமல் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கான வகுப்பை ரொறன்ரோவில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். நான் அதைத் தாமதித்ததால் முதல் இலையுதிர் காலம் முழுவதையும் மீனோடு மட்டும் கழித்தேன்.

என் கணக்கு தலைகீழாகும் குடும்பங்களும் உண்டு. என்னோடு வேலை செய்தவர் ஒருவர் இப்போது தண்டர் பேக்கு வடக்கே ஒரு சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்ற முறையில் பணியாற்றுகிறார். அவரது பெற்றோரும் அவர் வீட்டிலேயே வசிக்கின்றனர். விடுமுறைப் பை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் என்னிடம் யோசனை கேட்டபோது, தயங்காமல் தண்டர் பேக்குப் போகச் சொன்னேன்.