அம்பாசடருக்கு மாற்று எஞ்சின்: பழையதைப் புதுப்பிப்பதா, குவாலிஸ் டீசலா, ஐசூசு 1800ஆ?

எங்கள் வீட்டு அம்பாசடர் 1977ஆம் ஆண்டின் மார்க் 3. பெங்களூரு அல்சூரிலிருந்து சேலத்துக்கு ஆண்டில் நான்கு முறையாவது குடும்பத்தோடு போய் வரும் வண்டி. சென்ற ஆண்டு ஊரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியரைவிட்டு மேலே போக மறுத்தது. ஓரமாக நிறுத்தி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, உள்ளிருந்து புகை மூச்சு வாங்குவது போல விட்டு விட்டு வந்தது. பிஸ்டன் வளையங்கள் முடிந்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதன் பிறகு மூன்று வழிகளை நிறுத்துப் பார்த்து, ஐசூசு 1800 பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினேன். ஆகவே என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பழைய 1489 சிசி எஞ்சினைப் புதுப்பிப்பதே செலவு குறைந்த வழி. லேத் பட்டறையில் போர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றுக் குடைந்து, கிராங்க்கைத் தேய்த்து, புதிய பேரிங் போட்டால் வண்டி ஓடும், உதிரிபாகங்கள் ஜே.சி. ரோட்டில் இன்றும் கிடைக்கின்றன. வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நின்றுவிட்டதால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய வால்வு சீட்டுகளையும் போட்டுவிட வேண்டும். எங்கள் பிளாக்கை ஏற்கெனவே மூன்று முறை போர் செய்திருந்தோம். இனி சிலிண்டருக்குள் ஸ்லீவ் எனும் புதிய உறை போட்டால்தான் உண்டு என்ற நிலை. அத்தனையும் செய்தாலும் கிடைப்பது அதே ஐம்பது சொச்சம் குதிரைத்திறன்தான். நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது போதும்.

டொயோட்டா குவாலிஸின் 2446 சிசி டீசல் எஞ்சினைப் பலரும் பரிந்துரைத்தார்கள். பிடதியில் தயாரான வண்டி என்பதால் நம் ஊரில் அந்த எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. அம்பாசடரைப் போலவே பின்சக்கர இயக்கத்துக்கு நெடுவாட்டில் அமர்வது. காயலான் கடைகளில் குவிந்து கிடக்கும் சிறிய கார்களின் எஞ்சின்கள் குறுக்கு வாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுபவை; அவற்றை நினைத்தே பார்க்க வேண்டாம். குவாலிஸ் எஞ்சின் பொருத்திய அம்பாசடர் ஒன்றை நான் இரண்டு முறைதான் ஓட்டியிருக்கிறேன். இழுவை அருமை. ஆனால் முன்பக்கத்தின் கனம் ஸ்டியரிங்கில் தெரிந்தது, நின்றிருக்கும்போது கதவுக் கைப்பிடிகள் வரை அதிர்ந்தன. ஓராண்டு வைத்து ஓட்டியவர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. எஞ்சின் மாற்றம் என்றதும் எல்லோரும் எஞ்சினின் விலையையே கேட்கிறார்கள். பணம் கரைவதோ அதைச் சுற்றியுள்ளவற்றில். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், ரேடியேட்டர், கிளட்ச் இணைப்பு, சைலன்சர் குழாய் என ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்தால், செய்தவருக்கு மட்டுமே அதன் கணக்கு தெரியும். நாளை தருமபுரியில் வண்டி நின்றால் அங்குள்ள மெக்கானிக் எதை அளந்து எதை வாங்குவார்? ஐசூசு 1800 விஷயத்தில் இந்தக் கேள்வியே எழாது. 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே இந்த 1817 சிசி எஞ்சினை, ஐந்து கியர் பெட்டியோடு, ஏறக்குறைய இதே உடலில் வைத்து விற்றது. எனவே ஓடாமல் கிடந்த ஒரு 1800 அம்பாசடரை முழுதாக வாங்கி, மவுண்டிங் முதல் ஷாஃப்ட் வரை அதிலிருந்தே எடுத்தோம். அதே நிறுவனத்தின் கான்டெசா காரிலும் இதே எஞ்சின் உண்டு. ஆனால் அதன் தாங்கிகள் அந்த உடலுக்காகச் செய்யப்பட்டவை என்பதால், முழு அம்பாசடர் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. எஞ்சினும் பெட்டியுமாக எனக்கு 55,000 ரூபாய் கணக்காயிற்று. மற்ற வேலைகளுக்கு ஏறத்தாழ அதே அளவு. முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் அதில் அடக்கம். சுமார் 75 குதிரைத்திறனைப் பழைய டிரம் பிரேக்கை நம்பி ஓட்டக் கூடாது.

இழப்பும் உண்டு. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் தரைக்கு வந்துவிட்டது. அதற்காகத் தரைத் தகட்டில் துளை வெட்டியபோது, "சார், இனிமே முன்னாடி நடுவுல குழந்தைங்கள உக்கார வைக்க முடியாது, பரவாயில்லையா?" என்று மெக்கானிக் கட்டரைக் கையில் பிடித்தபடி கேட்டார். நானும் என் தங்கையும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாறி மாறி உட்கார்ந்து வளர்ந்த இடம் அது. சம்மதம் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

ஆவணங்களிலும், நிறுவனமே விற்ற எஞ்சின் என்ற அதே காரணமே கை கொடுத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே நிறுவனம், அதே எரிபொருள் என்று எடுத்துச் சொல்ல முடிந்ததால், எனக்கு இரண்டு மாதத்தில் அனுமதி கிடைத்து, புதிய எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியது. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமும் இப்படியே நடந்துகொள்ளும் என்று உறுதி கூற மாட்டேன். எழுத்துபூர்வ அனுமதி வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். எண் ஏறியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் வைத்தால், இவற்றோடு எரிபொருள் மாற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழங்கால வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யும் 2021ஆம் ஆண்டின் விண்டேஜ் விதிகளையும் யோசித்தேன். ஐம்பது ஆண்டு நிறைந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. எஞ்சினை மாற்றினால் தகுதி போய்விடும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம் என்பதால், சேலம் போய் வரும் எங்களுக்கு அது பொருந்தவில்லை. பழைய எஞ்சினை மட்டும் விற்கவில்லை. கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றி, மரக்கட்டைகள் மேல் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதன் எண் பொறித்த தகடு இன்னும் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறது.