பிஎஸ்5, கணினி இரண்டுக்கும் டூயல்சென்ஸ் ஒன்றே போதுமா?

சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கருவியோடு வரும் கன்ட்ரோலர்தான் டூயல்சென்ஸ். பிஎஸ்5-இல் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேமில் வில்லின் நாணை இழுத்தால் ஆர்2 டிரிகர் (வலது ஆள்காட்டி விரலால் அழுத்தும் பொத்தான்) விரலை எதிர்த்துத் தள்ளும். மழை பெய்தால் உள்ளங்கையில் பொடிப்பொடியாக அதிர்வு வரும். அதே கன்ட்ரோலரைக் கணினிக்குக் கொண்டுபோகும்போதுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன.

இணைப்பது சுலபம். பிஎஸ் பொத்தானையும் கிரியேட் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும், விண்டோஸ் புளூடூத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்த விசேஷ அதிர்வும் டிரிகர் எதிர்ப்பும் கணினியில் பெரும்பாலும் யுஎஸ்பி கேபிள் செருகினால்தான் கிடைக்கும், அதுவும் அதை ஆதரிக்கிற கேம்களில் மட்டும். வயர்லெஸ் என்று வாங்கிவிட்டு வயரோடு உட்கார வேண்டும்! ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உள்ள கேம்களுக்குக் கவலை இல்லை, ஸ்டீமே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். வெளியே வாங்கிய கேம்கள் சில எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை மட்டுமே அறியும். அவற்றுக்கு டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஒரு மென்பொருள் தேவை. அப்போதும் திரையில் ‘எக்ஸ் அழுத்து’ என்று வரும். எக்ஸ்பாக்ஸில் அது இடது பக்கப் பொத்தான். நம் கையில் உள்ள எக்ஸோ கீழே இருக்கிறது. சண்டை நடுவே இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

கணினியில்தான் அதிகம் விளையாடுவீர்கள் என்றால் என் ஓட்டு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு. விண்டோஸில் எதையும் அமைக்க வேண்டாம். இரண்டு ஏஏ பேட்டரியில் 40 மணி நேரம் வரை ஓடும் என்கிறது மைக்ரோசாப்ட். பேட்டரி போடுவதைப் பலர் பழைய பாணி என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உள்ளேயே வைத்து மூடிய பேட்டரி வயதானால் கன்ட்ரோலரையே பிரிக்க வேண்டும், இதில் இரண்டு செல்லை மாற்றினால் சரி. ஒரு குறை: புளூடூத்தில் இணைத்தால் அதன் ஹெட்போன் துளை வேலை செய்யாது. பழையது வாங்குபவர்கள் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது முகப்போடு ஒன்றாக இருந்தால் புளூடூத் உண்டு; மேலே உள்ள எல்பி, ஆர்பி பொத்தான்களோடு ஒட்டிய தனித் துண்டாக இருந்தால் இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை பிஎஸ்5 ஏற்காது, டூயல்சென்ஸை எக்ஸ்பாக்ஸ் ஏற்காது. பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரும் பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்களுக்கு மட்டும்தான்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலர் கைக்கு இதமானது, ஆனால் கார் ஓட்டுபவர்கள் தள்ளி நில்லுங்கள். அதன் இசட்எல், இசட்ஆர் இரண்டும் வெறும் பொத்தான்கள். பாதி ஆக்சிலேட்டர் என்ற பேச்சே கிடையாது.

இதையெல்லாம் விட நான் முதலில் கேட்பது கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைப் பற்றி. டூயல்சென்ஸ், எக்ஸ்பாக்ஸ் இரண்டின் சாதாரண மாடல்களிலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். உள்ளே ஒரு முள் கரிப்பூச்சின் மேல் உரசிக்கொண்டே இருக்கும்; பூச்சு தேய்ந்தால் கை படாமலே ஸ்டிக் நகர்ந்ததாகக் காட்டும். என் பழைய கன்ட்ரோலர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) கார் தானாக இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் இல்லை, காந்தத்தின் நகர்வை உணரி அளக்கிறது. புது வித்தை என்று விளம்பரம் செய்கிறார்கள், 1998-இல் வந்த சேகாவின் டிரீம்காஸ்ட் கேம் கருவியின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது.

ஸ்விட்சும் கணினியும் வைத்திருப்பவர்கள் எய்ட்பிட்டோ (8BitDo) நிறுவனத்தின் அல்டிமேட் புளூடூத் கன்ட்ரோலரைப் பார்க்கலாம்: ஹால் ஸ்டிக், சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டு, கணினிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன வயர்லெஸ் துண்டு). அந்த டாங்கிளை மட்டும் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகாதீர்கள். டிஸ்க்கின் மின் இரைச்சல் டாங்கிளின் அதே அலைவரிசையில் வந்து விழும். ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி மேசை மேல் வைத்தால் தீர்ந்தது.